தொந்திக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்

திருவொற்றியூர்,
4.12.2024

ஆன்சி அப்பாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. முந்தாநாள் நர்சரி வாசலில் நின்று நீங்கள் போட்ட சத்தத்திலேயே உங்கள் நலம் தெரிந்துவிட்டது. சாமந்திச் செடி வாங்க வந்த அம்மா கையில் எடுத்த தொட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். இந்த நர்சரியின் முதலாளி மஹீன் பாய் என்னிடம் கேட்டார்: "இன்னாம்மா, உன் வூட்டுக்காரர் மைக்கை முழுங்கிகினாரா?" விசைப்படகு எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை பாய் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆகவே ஒரு சட்டம் போடுகிறேன். இனி இங்கே நேரில் வரக் கூடாது. போனும் வேண்டாம், உங்கள் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். என்ன சொல்வதானாலும் எழுதிப் போடுங்கள். பேப்பரில் கத்த முடியாது.

ஏன் வீட்டை விட்டுப் போனாய் என்று கேட்டீர்கள். நிஜமாகவே தெரியாதா? ஆன்சியின் நிச்சயத்தன்று சம்மந்தி சைமன் என்னைக் காட்டி உங்களைக் கேட்டார், "தங்கச்சி இன்னா வேலை பண்ணுது?" என்று. நீங்கள் காலை நீட்டிக்கொண்டு சொன்னீர்கள்: "அவ இன்னா பண்றா, வூட்ல சும்மாதான் குந்திகினு கீறா. மாடில நாலு தொட்டிய வச்சிகினு அத்தோட பேசிகினு கீறா." கூடமே சிரித்தது. அப்போது நான் குனிந்து எல்லார் இலையிலும் வஞ்சிரம் வறுவல் வைத்துக்கொண்டிருந்தேன். சம்மந்தியின் இலையில் ஒரு துண்டு கூடவே வைத்தேன். ஒருவரும் பார்க்கவில்லை.

சும்மா இருக்கிறவள் எங்கே இருந்தால் என்ன? இங்கே இருக்கிறேன். தொட்டியோடு பேசுவதற்கு இங்கே சம்பளமும் தருகிறார்கள். கூட வேலை செய்யும் மலர்க்கொடியின் அறையில் பாதி எனக்கு.

இந்தக் கடிதம் உங்களுக்காக இல்லை, தொந்திக்காக. மற்றத் தொட்டிகளை எல்லாம் மீன்பாடி வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டேன், அவளைத்தான் தூக்க முடியவில்லை. அவள் அடீனியம் செடி, தொந்தி என்பது நான் வைத்த பெயர். அடித்தண்டு குடம் போல வீங்கியிருக்கிறதே, அதற்குள்தான் தனக்கு வேண்டிய தண்ணீரை எல்லாம் சேர்த்து வைத்திருப்பாள். பனி தொடங்கிவிட்டது. மாடிப்படிக் கூரைக்கு அடியில் தள்ளி வையுங்கள். மழையும் பனியும் படக் கூடாது. கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் கட்டத் தொடங்கிவிட்டார்கள், இனி மார்ச்சில் வரும் திருநீற்றுப் புதன் வரை அவளுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்.

இப்படிக்கு,
சும்மா இருக்கிறவள்

*

இயேசு மரி சூசை

ராயபுரம்,
9.12.2024

அன்புள்ள ஐரீனுக்கு,

கஸ்பார் எழுதுவது. பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் எட்டிவிடும் தூரத்தில் இருக்கிற பெண்டாட்டிக்கு ஸ்டாம்பு ஒட்டிக் கடிதம் போடும் ஒரே ஆள் காசிமேட்டில் நான்தான். போஸ்ட் ஆபீஸில் இருக்கிற பெண், "உள்ளூர்தானே அண்ணே, போன் போடலாமே" என்கிறாள். ஸ்டாம்புக்குச் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. ஆம்பிளைகள் நாலு பேர் உட்கார்ந்தால் ஒரு பேச்சு வரும், போகும். அதற்கு இருபத்தாறு வருஷக் குடித்தனத்தை மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்களா? ஆன்சிக்கு ஈஸ்டர் கழிந்து கல்யாணம். அவள் ஓசூரில் வேலையில் இருக்கிறாள், சனி ஞாயிறு போன் பண்ணி அழுகிறாள். ஊர் என்னைக் கேட்கிறது.

நீ போன நாளிலிருந்து உன் செடி இலையைக் கொட்டுகிறது. முதலில் மஞ்சளாகிறது, பிறகு கீழே விழுகிறது. தினமும் ஒரு கை அள்ளிப் போடுகிறேன். பக்கத்து வீட்டு ஷாலு பார்த்துவிட்டு, "அக்கா போன ஏக்கம்ண்ணா. வாயில்லாத ஜீவன் இல்ல அது" என்றாள். செடிக்கே தாங்கவில்லை ஐரீன். அதையாவது நினைத்துப் பார்.

ஆனால் நீ பயப்படாதே, நான் விடுவேனா? தண்ணீர் வேண்டாம் என்று நீ கோபத்தில் எழுதியிருப்பாய். நாளைக் காலை கடலுக்குப் போகிறோம், வர நாள் ஆகும். படகுக்கு டீசல், ஐஸ், குடிதண்ணீர் எல்லாம் கிளம்பும் முன்பே மொத்தமாக ஏற்றுவோம் இல்லையா, அதே போல அதற்கும் தொட்டி நிரம்பி வழியும் மட்டும் ஊற்றிவிட்டேன். வெறும் தண்ணீர் இல்லை, மீன் கழுவின தண்ணீர். நல்ல சத்து.

கோபத்தை விடு. வா.

கஸ்பார்

*

திருவொற்றியூர்,
13.12.2024

ஆன்சி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் இன்று இரண்டு பேர் செடி வாங்காமல் போனார்கள். மஹீன் பாய், "உன் தொண்டைகூட எஞ்சின் தொண்டைதாம்மா" என்றார்.

நீங்கள் கடலில் இருப்பீர்கள், இது கதவுக்குள் தபாலாகக் கிடக்கும் என்று தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன், எழுதாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடிக்கும்.

அவள் எனக்காக ஏங்கி இலையைக் கொட்டவில்லை. அவள் ஒவ்வொரு வருஷமும் பனி தொடங்கினால் கொட்டுகிறாள். நம் மாடிக்கு வந்து ஒன்பது வருஷம், ஒன்பது மார்கழியும் மொட்டையாகத்தான் நின்றாள். நீங்கள் இந்த வருஷம்தான் பார்க்கிறீர்கள். முன்பெல்லாம் அந்த இலையை யார் பெருக்கினார்கள் என்று நினைத்தீர்கள்? காக்காயா?

குளிர் வந்தால் அவள் உறங்குவாள். வேர் குடிக்காது. குடிக்காத வேரைத் தண்ணீரில் ஊறவைத்தால் அழுகும், அதிலும் மீன் கழுவின தண்ணீர்! அதை வாசல் முருங்கைக்கு ஊற்ற வேண்டும் என்று அந்த வீட்டில் நுழையும் பூனைக்குக்கூடத் தெரியும். கூடாது என்று ஒரு பெண் எழுதினால் அதற்கு அர்த்தம் கூடாது என்பதுதான். கோபத்தில் எழுதியிருப்பாளாம்!

செடியை எனக்கும் உங்களுக்கும் நடுவே தரகராக அனுப்ப வேண்டாம். நான் வர மாட்டேன்.

ஐரீன்

*

இயேசு மரி சூசை

ராயபுரம்,
27.12.2024

அன்புள்ள ஐரீனுக்கு,

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள்தான் கரை ஏறினோம். கதவைத் திறந்தால் உன் கடிதம். படித்துவிட்டுக் குளிக்காமல்கூட மாடிக்கு ஓடினேன்.

இலை ஒன்றுகூட இல்லை. நீ சொன்னபடியே மொட்டை. ஆனால் அது இல்லை விஷயம். அடியில் கட்டை விரலால் அழுத்தினேன், வலது பக்கம் விரல் உள்ளே போகிறது. அழுகின இறால் வாடை அடிக்கிறது. ஐஸ் இல்லாமல் மூன்று நாள் கிடந்த மீனைத் தொட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது.

ஆன்சி வந்திருந்தாள். இரண்டு பேரும் கோயிலுக்குப் போய்விட்டு வந்து வாங்கின பிரியாணியைச் சாப்பிட்டோம். "அம்மா கையில கேக் இல்லாத கிறிஸ்துமஸ் இத்தான் மொத தபா" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் எலும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஷாலு குப்பையில் போடச் சொல்கிறாள். எனக்குக் கை வரவில்லை. செத்துப் போனதுதான் என்று நினைக்கிறேன். போடுவதற்கு முன் ஒரு முறை நீ வந்து பார்த்துவிட்டாவது போ. செத்த வீட்டுக்கு வருகிற மாதிரியாவது வா.

கஸ்பார்

*

திருவொற்றியூர்,
31.12.2024

ஆன்சி அப்பாவுக்கு,

அழ மாட்டேன் என்று நினைத்துத்தான் உறையைப் பிரித்தேன். இறால் வாடை என்ற இடத்தில் அழுதுவிட்டேன். பக்கத்தில் இருந்த மலர்க்கொடி பிடுங்கிப் படித்தாள். அவளுக்கு வாய் நீளம். "செடிய சாவடிச்சிட்டு எழவு சொல்லி அனுப்பிகீறாரு பாரு" என்றாள்.

குப்பையில் போட்டீர்களானால் ஆன்சி கல்யாணத்தில் உங்கள் பக்கத்தில் நிற்க மாட்டேன். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கம் அழுகினால் அவள் முழுவதும் செத்ததாக ஆகாது. இப்போது நான் சொல்வதைச் செய்யுங்கள். மண்ணிலிருந்து அப்படியே பிடுங்குங்கள். வேரில் ஒட்டிய மண்ணை உதறுங்கள். மீன் அறுக்கும் கத்தியைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கித் துடைத்து, அழுகின சதையை அறுத்தெடுங்கள். பழுப்பு நிறம் ஒரு பொட்டு இருந்தாலும் விடாதீர்கள், வெள்ளைச் சதை வரும்வரை போகட்டும். பாதி உடம்பே போனாலும் போகட்டும். அவள் பால் விஷம், அந்தக் கையால் கண்ணைக் கசக்காதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெட்டின இடமெல்லாம் மஞ்சள்தூள் தடவுங்கள். மஞ்சள்தூள் எங்கே என்று கேட்டு ஒரு கடிதம் போட வேண்டாம். அடுப்புக்கு மேலே இரண்டாவது தட்டில், பச்சை மூடி டப்பா. கல்யாணமான நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது.

பிறகு தலைகீழாகக் கட்டி நிழலில் தொங்கவிடுங்கள். காயம் காய வேண்டும். மண் கிடையாது, தண்ணீர் கிடையாது, ஒன்றும் கிடையாது.

அப்புறம்தான் கஷ்டமான வேலை. நீங்கள் சும்மா இருக்க வேண்டும். தினமும் பார்க்க வேண்டும், தொட்டுப் பார்க்க வேண்டும், கவலைப்பட வேண்டும், ஆனால் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். செய்து பாருங்கள். செய்துவிட்டு அது வேலையா இல்லையா என்று எழுதுங்கள்.

நான் வர மாட்டேன். அழுக வைத்த கைதான் அறுக்க வேண்டும்.

ஐரீன்

*

இயேசு மரி சூசை

ராயபுரம்,
20.1.2025

அன்புள்ள ஐரீனுக்கு,

அறுத்தேன். சுறாவை அறுத்திருக்கிறேன், திருக்கையை அறுத்திருக்கிறேன், ஒரே மூச்சில் முடித்திருக்கிறேன். இதற்குக் கத்தியை மூன்று தரம் கீழே வைத்துவிட்டு எடுத்தேன். பாதிக்கு மேல் போய்விட்டது. மீதி என் இரண்டு கைக்குள் அடங்குகிறது. மஞ்சள் பூசி, வாசலில் வலை மாட்டும் ஆணியில் நைலான் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டேன். மஞ்சள்தூள் நீ சொன்ன இடத்தில்தான் இருந்தது.

தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கிறார்கள். நான் ஓட்டும் படகில் வேலைக்கு வரும் ஜெயவேல் கேட்கிறான், "இன்னா டிரைவரே, கருவாடா?" நான், "இல்லடா, எங்க வூட்டம்மா" என்றேன். அவன் மடித்துக் கட்டின லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு போனான்.

இந்தத் தடவை கடலுக்குப் போகவில்லை. வேறு டிரைவரை அனுப்பினேன். உடம்பு சரியில்லை என்று சொன்னேன், பாதி நிஜம். நீ எழுதினது சரிதான். சும்மா இருப்பது ரொம்பப் பேஜாரான வேலை. காலையில் எழுந்து அதை அழுத்திப் பார்ப்பேன், கெட்டியாக இருக்கும். மத்தியானம் பார்த்தால் சுருங்கின மாதிரி தெரியும். ஒரு சொட்டு விட்டால் என்ன என்று கை பரபரக்கும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

உட்கார்ந்திருக்கும்போது வீடு தெரிகிறது. கன்டெய்னர் லாரி போகப் போக ஜன்னல் கட்டையில் கறுப்பாகப் புழுதி படிகிறது. துடைத்தேன். சாயங்காலம் மறுபடி கறுப்பு. நம் வீட்டு ஜன்னல் கட்டை எப்போதும் வெள்ளையாகத்தானே இருந்தது? அது தானாகவே அப்படி இருக்கும் என்று நினைத்திருக்கிறேன் போலிருக்கிறது.

தவக்காலத்துக்கு முன்னால் சம்மந்தி வீட்டார் நாள் பேச வருகிறார்கள். நீ இல்லாமல் நான் எப்படி நிற்பது? அதற்காவது வா. அன்று ஒரு நாள் வா. வந்துவிட்டுப் போ. இல்லை, வந்து இரு. வா ஐரீன்.

கஸ்பார்

*

திருவொற்றியூர்,
25.1.2025

ஆன்சி அப்பாவுக்கு,

கருவாடு இடத்தில் சிரித்துவிட்டேன். மறைக்க என்ன இருக்கிறது, மலர்க்கொடிக்கும் படித்துக் காட்டினேன். ஜன்னல் கட்டை இடத்தில் சிரிக்கவில்லை.

இப்போது ஒன்று சொல்கிறேன். கோபத்தில் இல்லை, நன்றாக யோசித்துச் சொல்கிறேன். கடைசிப் பாராவில் எத்தனை தரம் வா என்று எழுதியிருக்கிறீர்கள், பாருங்கள். ஒவ்வொரு கடிதமும் அங்கேயே போய் நிற்கிறது. செடி ஏங்குகிறது வா, செடி செத்தது வா, சம்மந்தி வருகிறார் வா. அதுவும் தண்ணீர்தான். குடிக்கிற நிலையில் வேர் இருக்கிறதா என்று பார்க்காமல் வழிய வழிய ஊற்றுகிறீர்கள். என்னையும் அழுக வைக்காதீர்கள்.

நான் இங்கே வாடிக் கிடக்கவில்லை. காலையில் எழுந்து ரோஜாப் பதியன் கட்டுகிறேன். என் கை கட்டின பதியன் தவறுவதில்லை என்று தாம்பரத்திலிருந்துகூட ஆள் வருகிறது. மஹீன் பாய் புதுப் பெண்களிடம், "ஐரீனம்மா கிட்ட கேட்டுக்கினு செய்" என்கிறார். அதை முதல் நாள் கேட்டபோது திரும்பிப் பார்த்தேன், வேறு யாரோ ஐரீன் இருக்கிறாளாக்கும் என்று. இந்த வயதில் எனக்கு இது கிடைத்திருக்கிறது. இதை விட்டுவிட்டு உங்கள் சம்மந்திக்கு மறுபடி மீன் வைக்க நான் வர மாட்டேன். எனக்காக எங்கும் எதையும் மாற்றிச் சொல்லுங்கள் என்றும் கேட்க மாட்டேன். கேட்டு வாங்கினால் அது எனக்கு வேண்டாம்.

திருநீற்றுப் புதன் வரை எனக்கு எழுதாதீர்கள். நானும் எழுத மாட்டேன். அந்தப் புதன் வந்ததும் உடைத்த செங்கல்லும் ஆற்று மணலும் கலந்து சின்னத் தொட்டியில் அவளை நடுங்கள். கடற்கரை மணல் வேண்டாம், அதில் உப்பு. நட்டபிறகும் தண்ணீர் கூடாது. துளிர் கண்ணில் பட்டால் மட்டும் எழுதுங்கள். படாவிட்டால் எழுதவே வேண்டாம்.

ஐரீன்

*

இயேசு மரி சூசை

ராயபுரம்,
12.3.2025

அன்புள்ள ஐரீனுக்கு,

துளிர் வந்துவிட்டது.

நட்ட பிறகு நேற்றுவரை ஒன்றும் இல்லை. இன்று காலை கொம்பு நுனியில் பச்சையாக ஒன்று. புழு என்று நினைத்துத் தட்டப் போனேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன், இலை. பக்கத்துக் கொம்பிலும் ஒன்று. ஷாலுவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவள் ஜெபமாலையைக் கொண்டுவந்து தொட்டியில் போடப் பார்த்தாள், விடவில்லை.

சம்மந்தி வீட்டார் வந்து நாள் பேசிவிட்டுப் போனார்கள். ஏப்ரல் கடைசித் திங்கள். மீன்பிடித் தடைக்காலம், நானும் கரையில் இருப்பேன். சைமன், "தங்கச்சி எங்க?" என்று கேட்டார். வேலைக்குப் போயிருக்கிறாள் என்றேன். "இன்னா டிரைவரே, வூட்டுப் பொம்பளைய வேலைக்கி அனுப்ற நெலைமைக்கா வந்துட்ட?" என்றார். நான் கத்தவில்லை ஐரீன், நம்ப மாட்டாய். "நான் எங்க அனுப்னேன்? அவளேதான் போனா. இருவத்தாறு வருசம் இங்க செஞ்சிகினு இர்ந்த வேலைக்கி நான் சும்மான்னு பேரு வச்சேன். அத்தான் வேற எடத்துக்குப் போயிட்டா" என்றேன். சம்மந்தி டீயைக் குடித்தார். டீ நான் போட்டது, நன்றாக இல்லை.

நீ கேட்கவில்லை, நானே சொன்னேன். சொன்னதைச் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன், வேறொன்றுக்கும் இல்லை.

இன்னும் தண்ணீர் ஊற்றவில்லை. எவ்வளவு, எப்போது என்று நீ எழுதின பிறகுதான் ஊற்றுவேன்.

கஸ்பார்

*

திருவொற்றியூர்,
17.3.2025

கஸ்பாருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன், உறையைக் கவிழ்த்தும் பார்த்தேன். எங்கேயும் வா இல்லை.

தண்ணீர் விவரம் கேட்டீர்கள். வாரத்துக்கு ஒரு டம்ளர், ஞாயிற்றுக்கிழமை. அதற்கு மேல் ஒரு சொட்டு கூடாது. துளிர் விட்டுவிட்டாள் என்று குஷியில் தினமும் ஊற்றினால் மறுபடி கத்தியைத் தீட்ட வேண்டியதுதான். வெயிலில் வையுங்கள், இந்த வருஷம் பூவை எதிர்பார்க்காதீர்கள்.

நானும் அப்படித்தான் வருவேன். ஞாயிறு மட்டும். பூசை முடிந்து வருவேன், சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அறையை விடப் போவதில்லை, வேலையையும் விடப் போவதில்லை. ஆன்சி கல்யாணத்தில் அம்மாவாக உங்கள் பக்கத்தில் நிற்பேன், மறுநாள் காலையில் பதியன் கட்டப் போவேன். இது போதாது என்று தோன்றினால் இப்போதே எழுதிவிடுங்கள், நான் வராமல் இருந்துவிடுகிறேன். ஊர் பேசினால் பேசட்டும். ஊருக்கு வாய் வலித்தால் தானாக மூடிக்கொள்ளும்.

வரும் ஞாயிறு பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்காதீர்கள், எனக்கு வழி தெரியும். தவக்காலம், கறி கிடையாது. சங்கரா மீன் கிடைத்தால் வாங்கி நீங்களே கழுவுங்கள், அந்தத் தண்ணீர் வாசல் முருங்கைக்கு.

தொந்திக்கு முதல் டம்ளரை நான் ஊற்ற மாட்டேன். அழுக வைத்ததும் நீங்கள், அறுத்துக் காப்பாற்றியதும் நீங்கள், நீங்களே ஊற்றுங்கள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். யார் சிரிக்கிறார்கள் என்று பார்க்கிறேன்.

ஐரீன்